சொந்த மாநில உரிமம் காலாவதியானபின் வெளிமாநில உரிமம் செல்லுமா? கேள்வியும் பதிலும்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தனித்தனியே வழங்குகிறது. வசிக்கும் மாநிலத்தின் உரிமத்தோடு, வெளிமாநிலத்தாருக்கு யூட்டாவோ ஃபுளோரிடாவோ தரும் உரிமத்தையும் வாங்கி வைத்திருக்கும் தமிழர்கள் பலர், முதலாவது காலாவதியானபின் இரண்டாவதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கேரி, வட கரோலினா): ஐயா, எனக்கு ஷெரிஃப் அலுவலகம் வழங்கிய உரிமம் சென்ற மாதம் காலாவதியாகிவிட்டது. யூட்டா உரிமத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவும் செல்லாமல் போய்விட்டதா?

போகவில்லை. யூட்டா உரிமம் யூட்டா அரசு தன் சட்டப்படி 5 ஆண்டுகளுக்கு வழங்கிய தனி ஆவணம். வட கரோலினாவில் ஒரு தேதி கடந்துவிட்டதால் மட்டும் அது தானாக ரத்தாவதில்லை. ஆனால் ஓர் உரிமம் உயிரோடு இருப்பது வேறு, நீங்கள் நிற்கும் இடத்தில் அதை ஏற்பது வேறு. முன்னதை வழங்கிய மாநிலம் தீர்மானிக்கிறது; பின்னதை, அந்த நேரத்தில் உங்கள் கால் பதிந்திருக்கும் மாநிலம் தீர்மானிக்கிறது. பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் வருகின்றன.

வட கரோலினாவின் சட்டம் பிற மாநிலங்கள் வழங்கிய செல்லத்தக்க உரிமங்களை ஏற்கிறது. அந்த வாசகத்தில் உள்ளூர்வாசி, வெளியூரார் என்ற பிரிவு இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். விருந்தினருக்காக எழுதப்பட்ட ஏற்பை அங்கேயே குடியிருப்பவர் தமக்குக் கவசமாகக் கொள்ளலாமா என்பதை உங்கள் வழக்கிலேயே சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: காலாவதியான 60 நாள்களுக்குள் புதுப்பிக்க விண்ணப்பித்தால், பயிற்சி வகுப்பை மீண்டும் படிக்கத் தேவையில்லை. இந்த வாரமே ஷெரிஃப் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். புதிய அட்டை கைக்கு வரும்வரை துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): யூட்டா உரிமத்தைப் பிறகு புதுப்பிக்கும்போது தடை வருமா?

வரும். யூட்டா உரிமத்தை ஏற்கும் மாநிலத்தில் வசிப்பவர், தம் சொந்த மாநிலத்தின் நடப்பு உரிமத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று 2011-இல் யூட்டா சட்டமன்றம் விதித்தது. புதிதாக விண்ணப்பிப்பவர் போலவே புதுப்பிப்பவரும் அதன் நகலை இணைக்க வேண்டும்.

கேள்வி (சார்லட், வட கரோலினா): காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டேன். ஷெரிஃப் அலுவலகத்தில் தாமதமாகிறது. இடைக்காலத்தில் என் நிலை என்ன?

காலாவதிக்கு முந்தைய 90 நாள்களுக்குள் விண்ணப்பித்து, தகுதியும் மாறாமல் இருந்தால், ஷெரிஃப் முடிவு சொல்லும்வரை பழைய உரிமமே செல்லும் என்று வட கரோலினாச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பித்த ரசீதைக் கூடவே வைத்திருங்கள். ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால், அங்குள்ள காவலர் உங்கள் அட்டையில் அச்சிட்ட தேதியைத்தான் பார்ப்பார். வட கரோலினாவின் நீட்டிப்பு விதியை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்த இடைவெளியில் வெளிமாநிலத்துக்குத் துப்பாக்கியுடன் செல்லாதீர்கள். ஃபுளோரிடாவில் நிலைமை வேறு: காலாவதியான 180 நாள்களுக்குள் தாமதக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம், ஆயினும் அந்த நாள்களில் உரிமம் நடப்பில் இருப்பதாகப் பொருளில்லை.

கேள்வி (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா): 2022 முதல் எங்கள் மாநிலத்தில் உரிமமே தேவையில்லை. ஆகவே பழைய உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பயணத்துக்கு ஃபுளோரிடா உரிமம் போதும்தானே?

உங்களைப் போல எண்ணுபவர்கள் மிகப் பலர். 2024-இல் லூசியானாவும் சேர்ந்தபின், தகுதியுள்ள பெரியவர்கள் உரிமமின்றியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று அனுமதித்த மாநிலங்கள் 29 ஆயின. ஆனால் பள்ளிகளைச் சுற்றிய பகுதிக்கென ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 1990-இல் இயற்றப்பட்டு, 1995-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, 1996-இல் காங்கிரஸ் திருத்தி மீண்டும் கொண்டுவந்த அச்சட்டம், பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. தண்டனை 5 ஆண்டுகள் வரை நீளலாம். இதற்குள்ள விலக்குகளில் நமக்குத் தொடர்புடையது ஒன்று: அந்தப் பள்ளி அமைந்திருக்கும் மாநிலமே உரிய சோதனைக்குப்பின் வழங்கிய உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும்.

சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஜார்ஜியா உரிமம் நடப்பில் இருந்தவரை இந்த விலக்கு உங்களைக் காத்தது. அது காலாவதியானதும், ஃபுளோரிடா வழங்கிய உரிமம் ஜார்ஜியாவின் பள்ளிப் பகுதியில் அந்த இடத்தை நிரப்பாது. தோட்டாவை நீக்கிப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துச் செல்வதற்குத் தனி விலக்கு உண்டு. இடுப்பில் வைத்துச் செல்வதற்கு அது பொருந்தாது. உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் வாழ்பவர்களும் தம் மாநில உரிமத்தைக் கைவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். மாவட்ட புரோபேட் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே ஊர், வேறொரு வாசகர்): ஃபுளோரிடா உரிமத்தோடு கொலராடோ, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களுக்குச் செல்லலாமா?

கூடாது. கொலராடோவும் மிச்சிகனும் உரிமம் வழங்கிய மாநிலத்திலேயே வசிப்பவரின் உரிமத்தை மட்டும் ஏற்கின்றன. பென்சில்வேனியா 2013-இல் ஃபுளோரிடாவுடனான உடன்பாட்டைத் திருத்தி, ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. அதாவது, அங்கெல்லாம் உங்களைக் காத்துவந்தது ஜார்ஜியா உரிமமே தவிர, நீங்கள் நம்பிக்கொண்டிருந்த ஃபுளோரிடா உரிமம் அன்று.

கேள்வி (ராலே, வட கரோலினா): சிகாகோவில் தங்கை வீடு. காரிலேயே செல்கிறோம். இல்லினாய் மாநிலம் எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை, ஆனால் காருக்குள் வைத்திருக்கலாம் என்கிறார்களே?

பாதி சரி. வெளிமாநிலத்தார் தம் வாகனத்துக்குள் துப்பாக்கியை மறைத்து வைத்துச் செல்ல இல்லினாய்ச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தாம் வசிக்கும் மாநிலத்தின் உரிமத்தைக் கொண்டு தம் தகுதியைக் காட்ட வேண்டும் என்கிறது. வட கரோலினாவில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயம். ஆகவே அது காலாவதியான அன்றே இந்தச் சலுகையும் போய்விடும். யூட்டா அட்டையைக் காட்டிப் பயனில்லை. தோட்டாவை முழுவதும் நீக்கி, பெட்டியில் வைத்துப் பூட்டி, பின்பக்க டிக்கியில் வைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): டெக்சஸிலிருந்து குடிபெயர்ந்தேன். டெக்சஸ் உரிமம் இன்னும் காலாவதியாகவில்லை.

டெக்சஸ் உரிமம் டெக்சஸில் செல்லும். முகவரி மாற்றத்தை 30 நாள்களுக்குள் அங்குள்ள பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இனி நீங்கள் டெக்சஸ்வாசி அல்லர் என்பதால், கொலராடோ போன்ற மாநிலங்களில் அது பயன்படாது. நியூ ஜெர்சியோ வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. அதன் சொந்த உரிமத்தையே பெற வேண்டும். அது 2 ஆண்டுகளுக்குத்தான்.

நியூ ஜெர்சியின் கடுமையை அறியாமல் துன்பப்பட்டவர்கள் உண்டு. 2013-இல் பென்சில்வேனிய உரிமம் வைத்திருந்த ஓர் இளம் தாய், சாலையில் நிறுத்திய காவலரிடம் தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே நேர்மையாகச் சொன்னார். கைதாகிச் சிறை சென்றார். 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும்வரை அவர் பட்ட பாடு சிறிதன்று. 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் நூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பூட்டிய துப்பாக்கிப் பெட்டியிருந்த பயணப்பையுடன் விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். மாநிலங்களைக் கடந்து துப்பாக்கியைக் கொண்டுசெல்பவருக்கு 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பு, அந்த இரவில் பை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் பொருந்தாது என்று 2010-இல் மூன்றாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி நேர்ந்தால் பையை வாங்காதீர்கள். விமான நிறுவனத்திடமே இருக்கட்டும்.

கேள்வி (டாலஸ், டெக்சஸ்): ஓட்டுநர் உரிமம் போல நாடு முழுவதும் செல்லும்படி ஒரு சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே?

வரவில்லை. 2017 டிசம்பரில் அப்படியொரு மசோதா பிரதிநிதிகள் அவையில் 231-க்கு 198 என்ற வாக்குகளில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய நியூ யார்க் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், ஒரு மாநில உரிமத்தை மற்றொன்று ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

கேள்வி (கேரி, வட கரோலினா): நான் கிரீன் கார்டு வைத்திருப்பவன். எச்-1பி விசாவிலுள்ள தம்பி என் வீட்டில் தங்கியிருக்கிறான். காலாவதியான உரிமத்தோடு பிடிபட்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

இக்கேள்வியை மற்றவர்களும் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குடியுரிமை பெற்றவருக்கு அபராதமாகவோ சிறு குற்றமாகவோ முடியக்கூடியது, உங்களுக்கு நாடு கடத்தலில் முடியலாம். துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததற்காகவோ எடுத்துச் சென்றதற்காகவோ குற்றத் தீர்ப்புப் பெற்ற குடியுரிமையற்றவரை வெளியேற்றலாம் என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. அந்த விதி பெருங்குற்றம், சிறுகுற்றம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாழ்க்கையை ஒரு புதுப்பிப்பு விண்ணப்பத்தின் தாமதத்தில் பணயம் வைக்காதீர்கள்.

உங்கள் தம்பியின் நிலை இன்னும் நுட்பமானது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் துப்பாக்கி அவர் கைக்கெட்டும்படி இருக்கக் கூடாது. பெட்டகத்தின் எண்ணும் சாவியும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

ஒருவேளை வழக்கு வந்துவிட்டால், சிறு குற்றம்தானே, ஒப்புக்கொண்டு விடுபடலாம் என்று யார் சொன்னாலும் உடனே தலையசைக்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தல் நேருமா என்பதைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் விசா நிலையை முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லி, குடிவரவுச் சட்டம் அறிந்த ஒருவரையும் கலந்தபின்னரே எதிலும் கையெழுத்திடுங்கள்.