இரவு ஷிப்ட் நாட்களில் பிள்ளைகள் யாரிடம் இருப்பது?

கேள்வி: விவாகரத்தாகி மூன்று வருடம் ஆகிறது. எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் அம்மாவிடம் வளர்கிறார்கள். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு எனக்கு. அம்மா இப்போது இன்னொருவருடன் வாழ்கிறார். வாரத்தில் மூன்று நாள் அம்மாவுக்கு இரவு ஷிப்ட். அந்த நாட்களில் பள்ளியிலிருந்து கூட்டி வருவது முதல் தூங்க வைப்பது வரை அந்த மனிதர்தான். பெற்ற அப்பா நான் இருபது நிமிட தூரத்தில் இருக்கும்போது, என் பிள்ளைகளை யாரோ ஒருவர் ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும்? தடுக்க எனக்கு உரிமை இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தடுக்கும் உரிமை அநேகமாக இல்லை. ஆனால், அந்த நேரத்தை உங்களுக்குத் தரும்படி தாராளமாகக் கேட்கலாம். மனு எழுதும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும். “அவர் பார்க்கக் கூடாது” என்று போகிறவரிடம் நீதிபதி கேட்பது, அவர் செய்த தவறு என்ன என்று. “அந்த மூன்று மாலையும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று போகிறவரிடம், எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது.

எந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு என்று நீங்கள் எழுதவில்லை. எனவே பரவலாகப் பொருந்துவதைச் சொல்கிறோம். பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்களோ, அந்த நேரத்தில் அவர்களை யாரிடம் விட்டுப் போவது என்பது பொதுவாக அவர் முடிவு. பாட்டி, ஆயா, துணைவர் எல்லோரும் இதில் ஒன்றுதான். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: பெற்றோர் தம் பொறுப்பை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, ஆனால் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தன் சார்பில் செய்யும்படி இன்னொருவரிடம் விடலாம். ஆக, அந்த மனிதர் வீட்டுப்பாடம் சொல்லித் தரலாம், காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். பள்ளியை மாற்றுவது, அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது போன்ற பெரிய முடிவுகள் அவருடையவை அல்ல. அவை அம்மாவுக்கு மட்டுமா, இருவருக்குமா என்பது உங்கள் தீர்ப்பில் இருக்கும். முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இனி நேரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் “முதல் வாய்ப்பு” என்ற நிபந்தனை பழக்கத்தில் உள்ளது. ஒரு பெற்றோர் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பிறரிடம் விட நேர்ந்தால், முதலில் மற்றப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் இதற்குச் சட்டப் பிரிவே உண்டு. அப்படிப் பிரிவு இல்லாத இடத்திலும், இருவரும் ஒப்புக்கொண்டால் உடன்பாடாக எழுதி நீதிமன்ற உத்தரவில் சேர்க்கச் சொல்லலாம்.

இந்த நிபந்தனை பெரும்பாலும் கெட்டுப்போவது எழுதும் விதத்தில்தான். “பிறர்” என்றால் யார்? அதே வீட்டில் வசிக்கும் துணைவரும் அதில் அடக்கமா என்று தெளிவாக எழுதாவிட்டால், அவர் வீட்டு ஆள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் விஷயத்தில் முழுப் பயனும் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கே பொருந்தும் என்று எழுதினால், பிள்ளைகள் பையும் புத்தகமுமாகத் தினம் இரண்டு வீட்டுக்கும் அலைவார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல், அல்லது இரவு தங்கல் என்று வைத்தால் நடைமுறைக்கு ஒத்துவரும். எத்தனை நாள் முன்பு தகவல் தர வேண்டும், எத்தனை மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், யார் கொண்டு வந்து விடுவது என்பதையும் எழுதிவிடுங்கள். இன்னொன்று, இது இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் சனிக்கிழமையில் பிள்ளைகளை உங்கள் அக்காவிடம் விட்டுப் போனால், நீங்களும் முதலில் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

ஷிப்ட் நாட்கள் மாறாதவை என்றால் எங்கள் தேர்வு இதைவிட எளிது: நாள் பெயர் சொல்லி நேரடியாகக் கேளுங்கள். வக்கீல் நோட்டீசுக்கு முன் இப்படி ஒரு செய்தி போதும்: “செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டதும் நான் கூட்டிக்கொள்கிறேன். சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம் என் வீட்டில். மறுநாள் காலை நேராகப் பள்ளியில் விடுகிறேன். எட்டு வாரம் பார்ப்போம். பிள்ளைகளுக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.” அந்த மனிதரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வேண்டாம். மூன்று இரவையும் ஒரேயடியாகக் கேட்பதைவிட இரண்டில் தொடங்குவது நல்லது. அனுப்புமுன் உங்கள் வேலை நேரத்தைச் சரிபாருங்கள். நீங்களே இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்றால், உங்கள் வீட்டிலும் வேறொருவர்தான் பார்த்துக்கொள்வார். மனு அங்கேயே விழுந்துவிடும்.

மறுத்தால், அந்தச் செய்தியும் அதற்கு வந்த பதிலும் மனுவுடன் போகட்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட உத்தரவுகள் கல்வெட்டு அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகு வந்த இரவு வேலை அப்படி ஒரு மாற்றம்தான். இதற்கிடையில் தினம் ஒரு போன் அழைப்பையும் கேட்டு வையுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு தீர்ப்பில், நேரில் பார்க்கும் உரிமையோடு தினம் ஐந்து, பத்து நிமிடம் பேசுவதையும் முக்கியமாகச் சொல்லியிருக்கிறது.

பள்ளியில் ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பத்தில் “தந்தை” என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, அவசரத் தொடர்பில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்ப்பின் நகலைக் கொடுத்து, மதிப்பெண் அட்டை உங்களுக்கும் வர எழுத்தில் கேளுங்கள். அவர்கள் நாளை திருமணமே செய்துகொண்டாலும் உங்கள் தகப்பன் உரிமை அதனால் அழியாது. பிள்ளைகளை அவர் தத்தெடுக்க வேண்டுமானால் பொதுவாக உங்கள் சம்மதம் தேவை. சட்டம் சொல்லும் விதிவிலக்கான நிலைகளில்தான் அது இல்லாமல் நடக்கும். எனவே அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள்.

கோபத்தில் ஜீவனாம்சத்தை நிறுத்திவிடாதீர்கள். அது தனிக் கடமை, நிறுத்தினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். “அந்த மாமா என்ன செய்தார்?” என்று மகளைத் துருவவும் வேண்டாம். எட்டு வயதுக் குழந்தைக்கு, அப்பா எதைக் கேட்க விரும்புகிறார் என்பது நன்றாகத் தெரியும்.

அடி, குடி, தகாத தொடுதல் என்று பிள்ளைகளாகவே ஏதாவது சொன்னால் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் தேதி, நேரத்துடன் எழுதிக்கொண்டு, மேற்கொண்டு கேள்வி கேட்காமல், அன்றைக்கே மருத்துவரிடமும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமும் போங்கள். இந்தியாவில் என்றால் 1098.