நாற்பதைத் தாண்டிய பிறகு துணையின் மேல் ஐயம் வந்தால் என்ன செய்வது? ஆண்–பெண் தம்பதிக்கும் ஒருபால் இணையருக்கும் இதில் வேறுபாடு உண்டா?

கேட்டவருக்கு 47 வயதாம். துணையோடு பதினெட்டு வருடம். "இது பிரியமா, வெறும் பழக்கமா என்று தெரியவில்லை" என்கிறார்.

எனக்கு 51. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆணோடு வாழும் ஆண், அதனால் பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன். பொதுவாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தது இரண்டே ஜோடி: நாங்கள், அப்புறம் என் ஆச்சியும் அத்தானும். (நகரத்தார் நாங்கள், எங்களில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், அவர் காதில் விழுந்தால் நான் தொலைந்தேன்.)

ஆச்சிக்குக் கல்யாணம் 1996-ல். மூன்றே வருடத்தில் அத்தான் மலேசியாவுக்குக் கணக்கு வேலைக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு மாதம் ஊர். எங்கள் பக்கம் இது புதிதில்லை. தாத்தா காலத்தில் பர்மா, மலாயா என்று லேவாதேவிக் கடைக்குப் போனால் மூன்று வருடம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். ஆனால் அன்றைக்கு வளவு (வீட்டின் உள் முற்றம்) நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆச்சி அந்தப் பெரிய வீட்டில் ஒரு மகளோடு தனியாக இருந்தார்.

2022-ல் அத்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கேதான் ஆரம்பித்தது. வருடத்தில் ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போனவர், இப்போது ஃப்ரிட்ஜில் தயிர் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்கிறார். ஆச்சிக்கு அவர் இருமுகிற சத்தமே அந்நியமாக இருந்ததாம். பெரிய சண்டை எதுவும் இல்லை. அடித்துக்கொண்டிருந்தால்கூட யாராவது தலையிட்டிருப்பார்கள்.

எங்களில் 'வேறு வைப்பது' என்று ஒன்று உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனிக் கணக்கு கொடுத்துக் குடித்தனம் வைத்துவிடுவார்கள். ஆச்சியும் அத்தானும் இருபத்தேழு வருடம் கழித்துத் தங்களுக்குள்ளேயே வேறு வைத்துக்கொண்டார்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஆச்சியின் கேஸ் அடுப்பு. முகப்பை ஒட்டிய அறையில் அத்தானின் இண்டக்‌ஷன். ரசப்பொடி மட்டும் பொது.

வக்கீலிடமும் போய்விட்டு வந்தார் ஆச்சி. இருவரும் சம்மதித்துப் பிரிய வேண்டுமானால் இந்து திருமணச் சட்டப்படி ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. "அப்ப நாங்க எப்பவோ பிரிஞ்சாச்சு தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் ஒருநாள் சீர்ப் பாத்திரங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு ஆட்டோவில் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். அப்பச்சியின் (அப்பாவின்) பெயரெழுத்து வெட்டிய தூக்குச்சட்டி, எனாமல் கேரியர், ஒரு தடவைகூட அடுப்பேறாத பித்தளைப் பானை. "விலையைப் போடு" என்றார். நான் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் துணையைப் பற்றிச் சொன்னார்: "ஒனக்கு ஒரு நிம்மதி இருக்கு. அவருக்குக் கதவு தெறந்தேதான் கெடக்கு. அப்படியும் சனிக்கெழமையானா வந்துர்றாரு. ஒங்க அத்தான் என்னையப் பிடிச்சு இருக்காகளா, போக எடமில்லாம இருக்காகளான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப் போறதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்தக் கதவைப் பார்த்துத்தான் நான் வருடக்கணக்காகத் தூங்காமல் கிடக்கிறேன்.

இவர் (நம் பெண்கள் கணவரைச் சொல்கிற மாதிரி நானும் 'இவர்' என்றே எழுதிவிடுகிறேன்) திருச்சியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து திங்கள் விடியலில் போவார். 2006-ல் பழகினோம். அன்றைக்கு நாங்கள் சட்டப்படி குற்றவாளிகள். 2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து எங்களை விடுவித்த தீர்ப்பு வந்தபோது இவர் போனில் சொன்னது, "சரி, ராத்திரி சாப்பிட்டியா?" அவ்வளவுதான். 2023 அக்டோபரில் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க அதே உச்ச நீதிமன்றம் மறுத்தபோதும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்.

எங்கள் ஊரில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. நகரத்தார் கோயில் கணக்கு, ஊர் வரி எல்லாம் புள்ளி வைத்துத்தான். ஒருவர் இறந்தால் மற்றவர் அரைப்புள்ளி. ஆச்சியும் அத்தானும் பேசாவிட்டாலும், அடுப்பு இரண்டானாலும், அவர்கள் ஒரு புள்ளி. நாளை இவர் வராமல் போனால் என்னிடம் வந்து ஏன் என்று கேட்க ஒரு பங்காளி கிடையாது. அழுதால்கூடக் காரணம் சொல்ல முடியாது. எங்களுக்குள் வருகிற ஐயத்தின் ருசியே அதனால் வேறு. அத்தானைப் பற்றி ஆச்சி நினைப்பது 'இவர் ஏன் இருக்கிறார்?' நான் நினைப்பது 'இவர் எதுவரை இருப்பார்?'

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது: எங்களைப் போன்றவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை எதுவும் இல்லை என்று. ஆசையாக இவரிடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். மூன்று மாதம் 'பார்ப்போம்'. அந்த மூன்று மாதத்தில் நான் செய்யாத கற்பனை இல்லை. குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை. மருந்து வாங்கின ரசீது, அவருடைய அம்மாவின் ரத்தப் பரிசோதனை.

கடைசியில் வாய்விட்டே கேட்டேன். காதல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதற்கு "இருக்கு" என்றுதான் யாரும் சொல்வார்கள். "ஒங்க கணக்குல நாமினி யாரு?" என்று கேட்டேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. தங்கை மகள் பெயர். தங்கையிடம் சொல்லாமல் மாற்றக் கூச்சம், என்னிடம் சொல்லவும் கூச்சம். இதற்கா மூன்று மாதம் நான் செத்துப் பிழைத்தேன்!

ஆகவே கேட்டவருக்கு: உங்களுக்கு ஐயம் ஆளின் மேலா, அவர் இருப்பதற்கான காரணத்தின் மேலா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பதில் சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். ஒருபால் இணையராக இருந்தால் கூடவே ஒன்று: நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது. நல்ல வார்த்தை. ஆனால் அதை வைத்து வீட்டுப் பத்திரம் பெயர் மாறாது. என் உயிலில் பூர்வீக வீட்டுப் பங்கைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். நான் வாங்கின சின்ன வீட்டை இவர் பெயருக்கு எழுதிவிட்டேன்.

ஆச்சி இன்னும் மனுப் போடவில்லை. போன மாதம் அத்தானுக்குக் காய்ச்சல், நான்கு நாள் இண்டக்‌ஷன் பற்றவில்லை, கஞ்சி இரண்டாம் கட்டிலிருந்து போயிருக்கிறது. சமாதானமா என்று கேட்டேன். "கஞ்சிதானே" என்றார்.

அந்த இரண்டு அட்டைப்பெட்டியும் என் கடையில் மேல் பரணில் இருக்கின்றன. விலைச்சீட்டு ஒட்டவில்லை. ஆச்சி திருப்பியும் கேட்கவில்லை.