போருக்கு வரி தர மறுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"என் வரிப்பணம் ஆயுதத்துக்குப் போகக் கூடாது." இந்த ஒரே கவலையோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் லெனேசியாவிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். அதில் ராணுவத்துக்குப் போகும் பங்கை மட்டும் கட்டாமல் இருக்க வழி உண்டா?
வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: மாதச் சம்பளக்காரருக்கு மறுப்பதற்கான பணம் கையிலேயே இல்லை, அம்மா. பிடித்த வரியை உங்கள் நிறுவனம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வருவாய்த் துறையான சார்ஸுக்குக் கட்டியாக வேண்டும். பிடிக்காமல் விட்டால் நிறுவனமே பொறுப்பு. எனவே சம்பளப் பட்டியல் போடுகிறவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

'ராணுவப் பங்கு' என்று தனியாக ஒன்றும் கிடையாது. அரசியலமைப்பின் 213-ஆவது பிரிவின்படி வரி முழுவதும் தேசிய வருவாய் நிதியில்தான் சேர்கிறது. பள்ளிக்கூடம், முதியோர் உதவித்தொகை, ராணுவம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். நீங்கள் குறைத்துக் கட்டினால் ராணுவத்துக்கு மட்டும் குறையாது. வரி மறுப்பு உலகுக்குச் சொல்லும் அறிவிப்பு. பீரங்கிக்கான பணத்தை அது நிறுத்திவிடும் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். அறிவிப்புக்கும் மதிப்பு உண்டு என்பதே எங்கள் கருத்து. ஆனால் அது பகிரங்கமாக இருக்க வேண்டும்.

15-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறதே என்று கேட்பீர்கள். தருகிறது. ஆனால் வரிச் சட்டத்தில் மனசாட்சிக்கென்று கழிவு இல்லை. பிரிட்டனில் அணு ஆயுதத்துக்குத் தன் வரி போகிறது என்று ஒருவர் தொடுத்த வழக்கு 1968-இல் தோற்றது. நாடாளுமன்றம் போட்ட வரி செல்லும் என்பதே தீர்ப்பு.

வீட்டு வாடகை, டியூஷன், பக்கத் தொழில் என்று வேறு வருமானம் இருந்தால் ஆண்டுக் கணக்கு முடியும்போது நீங்கள் கட்ட வேண்டிய மீதி ஒன்று வரும். மறுப்புக்கு இடம் இருந்தால் அங்கேதான். அப்படியும் மறுப்பதென்று முடிவெடுத்தால், வரிக் கணக்கை உரிய நாளுக்குள், ஒரு ராண்ட் கூட மறைக்காமல் தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்யாவிட்டால் வருமானத்தைப் பொறுத்து மாதம் 250 முதல் 16,000 ராண்ட் வரை அபராதம் 35 மாதம் வரை ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் வழி உண்டு. வருமானத்தை மறைத்தால் அது ஏய்ப்பு. ஐந்து ஆண்டு வரை சிறை. ஒளித்து வைத்த பிறகு போரைப் பற்றிப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுத்த தொகையைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். எவ்வளவு, ஏன் என்று சார்ஸுக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் எழுதுங்கள். ஆட்சேபணைப் படிவத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது மதிப்பீட்டில் தவறு இருந்தால் போடுவது. போட்டாலும் கட்டும் கடமை தானாக நிற்காது.

பிறகு வட்டி ஓடும். இறுதி அறிவிப்பு வரும். அதன்பின் குறைந்தது 10 வேலை நாள் கழித்து, வரி நிர்வாகச் சட்டத்தின் 179-ஆவது பிரிவின்படி சார்ஸ் உங்கள் வங்கிக்கோ முதலாளிக்கோ நேராக எழுதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்து கடன் தீர்ப்பாகவும் மாற்றலாம். வசூலிக்க அவர்களுக்கு 15 ஆண்டு அவகாசம். அதாவது மறுத்த பணம் கடைசியில் வட்டியோடு அரசுக்கே போகலாம். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: தனியாக வைத்த பணத்தைச் செலவழித்துவிடுவார்கள், சம்பளத்தில் கை வைத்த மாதம் வீட்டு வாடகைக்கு வழி இருக்காது.

அடையாளமாக ஒரு சிறு தொகையை மட்டும் மறுப்பது இன்னொரு முறை. 100 ராண்டுக்குக் குறைந்த பாக்கியை சார்ஸ் துரத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது அடுத்த கணக்கில் ஏறிக்கொள்ளும். டெண்டர் போடுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் பெரும் பணம் அனுப்புகிறவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வரி பாக்கி இருந்தால் வரி ஒழுங்குச் சான்று கிடைப்பது கடினம்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எதிர்ப்பாக வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. அந்த 15 சதவீதம் வாடிக்கையாளர் அரசுக்கென்று உங்கள் கையில் கொடுத்த பணம். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் அப்படியே. அதை நிறுத்தினால் நீங்கள் மறுத்தது உங்கள் வரியை அல்ல. தாமதத்துக்கு 10 சதவீத அபராதம் உடனே விழும். உங்களுக்குச் சொந்தமானது வருமான வரிதான். முன்பண வரி கட்டுகிறவரானால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் கட்டும் தொகை. அதற்கும் தாமத அபராதம் உண்டு.

வாடிக்கையாளர் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அரிசி, மக்காச்சோள மாவு, பிரவுன் ரொட்டி, காய்ந்த பயறு, பருப்பு, பால், முட்டை, காய்கறி, பழம் இவற்றுக்கு வாட் பூஜ்யம்.

கேள்வி: மாநகராட்சி வீட்டு வரியையும் மின்கட்டணத்தையும் நிறுத்தினால்?
வாசகர், வெருலம்

பதில்: அந்தப் பணம் ராணுவத்துக்குப் போவதில்லை. மின்சாரம்தான் நிற்கும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறான். அங்கே போருக்கு எதிராக வரி கட்டாதவர்கள் சங்கமாகவே இருக்கிறார்களாம். அவனும் சேரப் போவதாகச் சொல்கிறான். பயமாக இருக்கிறது.
தாய், லெனேசியா

பதில்: அங்கே அது பழைய மரபு. வியட்நாம் போர்ச் செலவுக்காக 1966-இல் தொலைபேசி வரியை 10 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் தொலைபேசிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அந்த வரியை மட்டும் கழித்து, காரணம் எழுதிய சீட்டை பில்லோடு அனுப்பினார்கள். தொகை சிறியது, காரணம் தெளிவு, மாதாமாதம் செய்யலாம். மறுப்பு இயக்கம் பரவியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். மறுத்த பணத்தை மருத்துவமனைக்கோ அகதிகளுக்கோ கொடுப்பது அங்குள்ள வழக்கம். வரியை ராணுவம் அல்லாத செலவுக்கு மட்டும் திருப்ப உரிமை கேட்கும் மசோதா 1972-இல் முதன்முதலாக வந்தது. இன்றுவரை நிறைவேறவில்லை.

உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் பாக்கியில் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு 25 சதவீதம். வட்டி தனி. வரிப் படிவத்திலேயே 'போர்க் கழிவு' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தால் அற்பக் காரணம் காட்டிய கணக்கு என்று 5,000 டாலர் அபராதம் போடுவார்கள். அதனால் அனுபவப்பட்டவர்கள் படிவத்தைச் சுத்தமாக நிரப்பி, கடிதத்தைத் தனியாக அனுப்புகிறார்கள். சம்பளப் பிடித்தத்தைக் குறைக்க டபிள்யூ-4 படிவத்தில் பொய் எழுதினால் 500 டாலர் அபராதம், குற்ற வழக்குக்கும் இடம்.

குடிமக்களுக்கு இது பணக் கஷ்டம். விசாவில் இருப்பவருக்கு இருப்பிடமே கேள்வியாகலாம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது வரி பாக்கி உண்டா என்று கேட்பார்கள். அங்கே பொய் சொல்வது தனிக் குற்றம். அவர் இப்போது வரி மறுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. குடியுரிமை கிடைத்த பிறகும் அவருக்கு மனசாட்சி இருக்கும்; அப்போது முடிவெடுக்கட்டும்.

கேள்வி: 1913-இல் நம் முன்னோர் மூன்று பவுன் வரியை எதிர்த்தது இதே மாதிரிதானே?
மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஓரளவுதான். அந்த வரியைப் போட்ட நேட்டால் காலனியின் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் போருக்குப் பணம் திரட்டப் போட்டதல்ல. ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலித் தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், இல்லையேல் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நெருக்குவதே நோக்கம். முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. 1903-இல் 16 வயது ஆண்பிள்ளைக்கும் 13 வயதுப் பெண்பிள்ளைக்கும் அதை நீட்டினார்கள். தாய், தகப்பன், வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 12 பவுன்.

கட்ட முடியாதவர்கள் கட்டாமல் இருந்து வழக்கும் சிறையும் பட்டார்கள். அது மட்டும் சட்டத்தை அசைக்கவில்லை. டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான ஒரு குழு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வீடு வீடாகப் பேசியது. அக்டோபர் 1913-இல் வேலை நின்றது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லை தாண்டி நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் போராட்டத்தில் கைதாகி மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது, பழைய பாக்கியும் ரத்தானது. அரசுக்கு வலித்தது கிடைக்காத மூன்று பவுன் அல்ல. நின்றுபோன சுரங்கமும் வெட்டாத கரும்பும்தான்.

போரோடு ஒட்டிய உதாரணம் வேண்டுமென்றால் ஆங்கில-போயர் போருக்குப் பின் கஜானா வறண்ட நேட்டால் அரசு போட்ட ஒரு பவுன் தலைவரியைப் படியுங்கள். அதை மறுத்து 1906-இல் பம்பாத்தா தலைமையில் எழுந்த ஜூலு மக்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பம்பாத்தா பெயர் இல்லாமல் இந்த நாட்டின் வரி மறுப்பு வரலாறு முழுமையாகாது.

கேள்வி: சட்டத்துக்கு உட்பட்டே வரியைக் குறைத்து, அந்தப் பணத்தை நல்ல காரியத்துக்குத் திருப்ப முடியுமா? எங்கள் கோயிலுக்குக் கொடுத்தால் கழிவு உண்டா?
கோயில் குழு உறுப்பினர், டோங்காட்

பதில்: முடியும். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுத்த நன்கொடையை வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். வருமானம் 3,00,000 ராண்ட், கொடுத்தது 30,000 என்றால் 26 சதவீத விகிதத்தில் 7,800 ராண்ட் வரி குறையும். 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது அடுத்த ஆண்டுக்கு நகரும். சம்பளத்திலேயே நன்கொடை பிடிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டால் 5 சதவீதம் வரை மாதாமாதமே வரி குறையும். சாட்ஸ்வர்த் வாசகிக்கும் பொருந்தும் வழி இது ஒன்றுதான்.

வழிபாட்டுக்கான காணிக்கைக்குக் கழிவு இல்லை. மருத்துவம், கல்வி, சமூக நலன் போன்றவற்றுக்குத்தான் 18ஏ. கோயில் நடத்தும் அன்னதானத்துக்கும் பாலர் பள்ளிக்கும் தனியாக அங்கீகாரம் வாங்கி, அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்தால் அதற்கு மட்டும் சான்று தரலாம். விருந்து டிக்கெட், ராஃபிள் சீட்டு எதுவும் நன்கொடையில் சேராது. ரசீதில் அமைப்பின் அங்கீகார எண், 18ஏ என்ற குறிப்பு, தொகை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். 2023 மார்ச் முதல் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண், முகவரியும் வேண்டும். இவை விடுபட்டால் சார்ஸ் கழிவைத் தள்ளிவிடும். வரி ஆண்டு பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. மார்ச் 1 அன்று கொடுத்தது அடுத்த கணக்கில்தான் வரும்.