சட்டம் கேளுங்கள்: சைரன் போட்டுவிட்டால் போலீஸ் வண்டிக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் சிக்னலைக் கடந்தேன். குறுக்கே சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த போலீஸ் வண்டி என் கார் கதவில் மோதி, தோள் எலும்பு முறிந்துவிட்டது. "அவசரமாகப் போனோம், நீங்கள்தான் வழிவிட்டிருக்க வேண்டும்" என்கிறார்கள். சைரன் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் பல நாடுகளில் போலீசுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு அபராதத்திலிருந்துதான். எதிரில் வருபவர்மேல் காட்ட வேண்டிய கவனத்திலிருந்து அல்ல. இங்கிலாந்தில் 1959-லேயே இது தீர்ப்பாகிவிட்டது. 40 மைல் வரம்புள்ள சாலையில் சுமார் 60 மைல் வேகத்தில் மோட்டார் சைக்கிளில் போன போலீஸ்காரர், சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதிவிட்டார். சாதாரண ஓட்டுநருக்கு என்ன அளவுகோலோ அதுதான் அவருக்கும் என்றது நீதிமன்றம்.

எல்லா இடத்திலும் அவ்வளவு தாராளம் இல்லை. நியூயார்க்கில் "கவனிக்காமல் வந்தார்" என்றால் போதாது. ஆபத்து என்று தெரிந்தும் துணிந்து வந்தார் என்று காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் அவசரப் பணியில் இருந்த போலீஸ்காரர்மேல் தனிப்பட்ட பொறுப்பு விழாது, துறைதான் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அதுதான் நல்லது. கான்ஸ்டபிளின் சம்பளத்தில் தோள் எலும்புக்கு எவ்வளவு தேறிவிடும்?

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். பச்சை விளக்கு முழுக் கவசம் இல்லை. பிரிட்டனில் பச்சையில் போன ஒருவரின் காரும், சிவப்பைத் தாண்டி வந்த ஆம்புலன்சும் மோதிக்கொண்டன. சைரன் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி, 60 சதவீதத் தவறை அந்தக் கார்க்காரர் தலையிலேயே கட்டினார்கள். ஆகவே காரில் பாட்டு ஓடியதா, கண்ணாடி ஏற்றியிருந்ததா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். உங்கள் வக்கீலிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

"நினைவில்லை" என்பது சாட்சியம் ஆகாது. நான் நடத்திய ஒரு வழக்கில் கிடைத்த ஒரே கேமராப் பதிவில் ஒலியே இல்லை. சைரன் அலறியது என்று அவர்களும், இல்லவே இல்லை என்று என் கட்சிக்காரரும் சத்தியம் செய்தார்கள். பதிவை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்த பிறகு, மூலையில் ஒரு கண்ணாடிக் கதவு கண்ணில் பட்டது. அதில் சிவப்பும் நீலமுமாக ஒளி விழுந்தது, மோதுவதற்குச் சரியாக 2 விநாடி முன்னால். அதுவரை கதவு இருட்டு. போலீஸ் வண்டியின் சுழல் விளக்கையே சிக்னலுக்கு வந்த பிறகுதான் போட்டிருக்கிறார்கள்! அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் இறங்கிவிட்டது.

இப்படிப்பட்ட பதிவுகள் தானாகவே அழிந்துவிடும். அதனால் அந்தச் சந்திப்பின் கேமரா, போலீஸ் வண்டியின் கேமரா, கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ் பதிவு, இந்த மூன்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கடிதம் கொடுத்து, கையெழுத்துடன் ஒப்புகை வாங்குங்கள். எந்த அழைப்புக்காக ஓடினார்கள் என்பதும் வயர்லெஸ் பதிவில் தெரியும். உண்மையில் அவசரமே இல்லையென்றால் விலக்கும் இல்லை.

எலும்பு கூடட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் அரசுத் துறைமேல் கோரிக்கை வைக்கக் கெடு குறைவு. நியூயார்க்கில் நகராட்சிக்கு 90 நாளில் நோட்டீஸ் போக வேண்டும், கலிபோர்னியாவில் 6 மாதம். உங்கள் ஊர்க் கெடு எது என்பதை வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.