காரின் முன் பிரேக் பேடை முதல்முறையாக நானே மாற்றலாமா?

தாராளமாக. அடிக்கடி தொப்பூர் கணவாய் இறங்குகிற தர்மபுரிக்காரர் என்றால், பேட் 3 மி.மீ.க்குத் தேயும் முன்பே மாற்றிவிடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை லூஸ் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். கழற்றிய காலிப்பரை (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் (சி வடிவத் திருகுப்பிடி) காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா மேல் ஒரு கண் இருக்கட்டும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும். நான் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து, மாட்டுக்கொட்டகைச் சுவரில் போய் முட்டினேன். பெடல் கெட்டியான பிறகுதான் சாவி. அன்றைக்கே கணவாய் இறங்க வேண்டாம். காலி ரோட்டில் மிதமாகப் பிடித்துப் பிடித்து பேடைப் பதியவிடுங்கள்.