ஜப்தி வீடும் பக்கத்து வீடும்: கேள்வி பதில்

கடன் தவணை கட்டாமல் போனதால் வங்கி கைக்கு எடுத்த வீடுகள் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: பக்கத்து வீட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டி எட்டு மாதம் ஆகிறது. ஆள் இல்லை. கீழே சிமெண்ட் தொட்டி திறந்து கிடக்கிறது. தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. யாரிடம் சொல்வது சார்? (வேளச்சேரி)

ப: இரண்டு வேலையை ஒரே நாளில் செய்யுங்கள். முதலில் 1913-க்கு போன் போட்டு மாநகராட்சியில் புகார் பதியுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. பணியாளர் வந்தால் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவி மூடி போட வேண்டும். நீங்களே சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், அத்துமீறலாகிவிடும்.

அடுத்தது, சுவரில் உள்ள நோட்டீஸைப் படம் எடுங்கள். அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவர்தான் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’. கிளையில் போய் நிற்பதைவிட அவருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுவதே பலன் தரும். வங்கிகள் அடமானச் சொத்தைக் கைக்கு எடுக்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளில் 8(4), கைக்கு எடுத்த சொத்தை விற்கும்வரை பேணிப் பாதுகாக்கும் பொறுப்பை அவர்மேல்தான் வைக்கிறது. விதி எண், தேதியிட்ட படங்கள், புகார் எண் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். நோட்டீஸ் வெறும் குறியீட்டு உடைமைக்கானது (காகித அளவில் மட்டும் கைக்கு எடுத்தது) என்றால் சாவி இன்னும் கடன் வாங்கியவரிடம் இருக்கும். அப்போது அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கே: ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தால் நல்ல வீடு அவ்வளவு கெட்டுப்போகுமா? (திருச்சி)

ப: கெடும். பெரும்பாலும் தண்ணீரால். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். கொஞ்சம் வேப்பிலை, புறா எச்சம், ஒரு பிளாஸ்டிக் பை, அடைக்க இவ்வளவு போதும். ஐப்பசி மழைக்கு மாடி குளமாகும். தளத்தின் மயிரிழை விரிசல் வழியே ஈரம் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, அடியிலிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். குடியிருப்பவர் இருந்தால் கூரையில் முதல் ஈரத்திட்டைக் கண்டதும் மாடியேறி இலையை வாரிப் போட்டிருப்பார். ஐந்து நிமிட வேலை, அதைச் செய்ய ஆள் இல்லை.

குளியலறையில் நேர்மாறு, அங்கே தண்ணீர் வற்றுவதுதான் சிக்கல். தரையின் வடிகால் துளைக்கு அடியில் இருக்கும் நஹானி டிராப்பில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்கும் கரப்பானுக்கும் தடை. கோடையில் சில வாரத்தில் அது காய்ந்துவிடும். பிறகு எலி வரும், ஒயர் உறையைக் கடிக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்த மூலையில் கரையான் நிலைக்காலைப் பிடித்து ஏறும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கும். வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துவிட்டால் மோட்டாரும் செம்பு ஒயரும் திருடுபோகும்.

கே: மேல் ஃபிளாட் வங்கிப் பூட்டில் இருக்கிறது. எங்கள் கூரை ஒழுகுகிறது. பராமரிப்புப் பாக்கி வேறு நிற்கிறது. (கோவை)

ப: மாடித் தொட்டியிலிருந்து அந்த ஃபிளாட்டுக்கு மட்டும் இறங்கும் குழாயின் வால்வை மூடிவிட்டு மூன்று நாள் பாருங்கள். சொட்டுவது நின்றால் உள்ளே விநியோகக் குழாய் உடைந்திருக்கிறது. வால்வை மூடியபடியே வைத்துவிட்டு அலுவலருக்கு எழுதி, பிளம்பரோடு திறந்து காட்டச் சொல்லுங்கள். நிற்காமல், மழை பெய்தால் மட்டும் கூடினால் வெளிச்சுவரையும் மாடியையும் பாருங்கள். அதற்கு வங்கிப் பூட்டு தடையில்லை.

பாக்கித் தொகையைச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே அலுவலருக்குத் தெரிவியுங்கள். தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் கொடுத்த பின் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

கே: அந்த வீடு அடிமாட்டு விலைக்கு ஏலம் போனால் என் வீட்டு மதிப்பும் விழுமா? (தாம்பரம்)

ப: காகிதத்தில் பெரிதாக விழாது. மதிப்பீட்டாளர்கள் சந்தை விலையையும் கட்டாய விற்பனை விலையையும் தனித்தனியாகத்தான் போடுவார்கள். ஆனால் வீடு பார்க்க வருகிறவர் தெருவில் புதர் மண்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறார். விலை அங்கேதான் குறைகிறது. எனவே ஏல விலையைவிட, பூட்டிக் கிடக்கும் காலத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கே: ஏலத்தில் எடுக்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை)

ப: ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் விற்பார்கள், பிறகு குறை சொல்ல இடமில்லை. அறிவிப்பில் உள்ள பார்வை நாளில் டார்ச், ஸ்க்ரூ டிரைவர், நாணயம் எடுத்துப் போங்கள். குளியலறைக்கு அடியிலும் மழைநீர்க் குழாய்க்கு அருகிலும் கூரைப் பூச்சைக் கைக்கெட்டும் தூரத்தில் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டுவிட்டது. நிலைக்கால் அடியில் ஸ்க்ரூ டிரைவர் சுலபமாக இறங்கினால் கரையான். மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். வாங்கிய பிறகு எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகர் (ஒயர் உறையின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து, ஒயரிங் 1 மெகாஓமுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பார்த்த பின்தான் மின்சாரம்.

பழைய மின்கட்டணப் பாக்கியையும் கேட்டு வையுங்கள். விதிமுறை இடம் கொடுத்தால் அதை ஏலம் எடுத்தவரிடம் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணத்தையும் சேர்த்து ஏல விலையில் 25 சதவீதத்தை ஏலத்தன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியைத் தவறவிட்டால் கட்டியதும் போய்விடும்.

கே: நாங்கள்தான் அந்தக் கடன்காரர்கள். அடுத்த வாரம் சாவி கொடுக்கிறோம். ஃபேன், கதவு எல்லாவற்றையும் கழற்றிக்கொள் என்கிறார் மைத்துனர். (சேலம்)

ப: செய்யாதீர்கள் அம்மா. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைக்கும் தொகை உங்களுக்கே வர வேண்டும், குறைந்தால் மீதியை உங்களிடமே கேட்பார்கள். கதவில்லாத வீட்டுக்கு விலை விழுந்தால் நஷ்டம் உங்களுடையது. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியும் கட்டினால் வீடு திரும்பும். வங்கியின் நடவடிக்கையில் தவறிருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம்.

சாவி கொடுக்கும் நாளில் மாடித் தொட்டியைக் காலி செய்து கழுவி மூடுங்கள். மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்து கம்பி வலை போடுங்கள். நஹானி டிராப் ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, பொருள் பட்டியலில் அலுவலரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.