நியூ ஆர்லியன்ஸ்: சக்கர நாற்காலியுடன் டிராமில் செல்லலாமா?

வணக்கம். சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கள் தாயாரைக் கனால் தெருவிலிருந்து ஆடுபான் பூங்காவுக்குச் செயின்ட் சார்லஸ் டிராமில் அழைத்துச் செல்ல இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த டிராமை நம்பிப் புறப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. 1835 முதல் இயங்கும் அத்தடத்தில் இன்றும் ஓடுபவை 1920களில் செய்யப்பட்ட பச்சை வண்டிகள். பழமை மாறாமல் காக்கப்படுவதால், ஏறும் படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கின்றன, பெரும்பாலான வண்டிகளில் சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி (லிஃப்ட்) வசதியும் இல்லை.

அதற்குப் பதிலாக, மேகசின் தெரு வழியே செல்லும் 11ஆம் எண் பேருந்தில் சாய்தளம் உண்டு; ஆற்றின் வளைவை ஒட்டி, டிராம் பாதைக்கு ஏறத்தாழ இணையாகவே சென்று, பூங்காவின் மறுபக்கத்தில், விலங்குகாட்சிசாலைக்கு அருகில் இறக்கிவிடும். கோடை வெயிலில் அதன் குளிர்சாதனமும் ஓர் ஆறுதல்தான்.

ஆனாலும் அந்தப் பச்சை டிராமைத் தவறவிட மனம் வராது. முதுகுச்சாய்வை முன்னும் பின்னும் தள்ளித் திசை மாற்றிக்கொள்ளும் மர இருக்கையில், திறந்த சன்னலோரம், ஓக் மரநிழலில் செல்வது தனி அனுபவம். எனவே ஒருவர் தாயாருடன் பேருந்தில் செல்ல, மற்றவர்கள் டிராமில் வந்து பூங்காவைக் குறுக்கே நடந்து கடந்து சேர்ந்துகொள்ளலாம்.

தாயாருக்கும் டிராமில் ஏற ஆசையிருந்தால், கனால் தெருவின் சிவப்பு வண்டிகளில் தூக்கி வசதி உண்டு; அவற்றில் நகரப் பூங்கா (சிட்டி பார்க்) வரை போய் வாருங்கள்.